கட்டை விரல் மறைத்த பெயர்

ஆட்டுக்கறி வேகும் வாசனை மூக்கில் ஏறியும் முகத்தில் அதைக் காட்டாமல் அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் குலத்தலைவர் மாம்பு அவர்களே! தொழுகை முடிந்த கையோடு வந்து முன்வரிசைக்கு ஒளியூட்டும் இமாம் அவர்களே! பெண்பிள்ளைகளைக் காட்டுப்பள்ளிக்கு அழைத்துப்போய் மனுஷிகளாக்கித் திருப்பித் தரும் சாண்டே சங்கத்துத் தாய்மார்களே! பீசோ ஏரியின் அலைக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே வாழ்வை நடத்தும் மீன் புகைக்கும் மாதரசிகளே! மழைச் சேற்றில் மூன்று முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு மான்ரோவியாவிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் எழுத்துக் குழுவின் அன்பர்களே! இவன் எப்போது முடிப்பான், சோறு எப்போது இறங்கும் என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் பெருமக்களே! உங்கள் பசியின் முன்னால் பணிந்து நின்று, பேசத் தொடங்குகிறேன்.

எனக்கு வாழ்த்துரை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அழகாகப் பேசுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிறகு ஏன் இந்த ஸ்வானா வாத்தியார்? மூன்று பேர் பேசியபின் கூட்டம் தூங்கிவிடும், அதை எழுப்ப ஒரு கோமாளி வேண்டும், அதற்காகத்தான். என் மனைவியே கிளம்பும்போது சொன்னாள், "சிரிக்க வச்சிட்டு சீக்கிரம் எறங்கிடுங்க. நடுவுல யோசிக்க ஆரம்பிச்சிடாதீங்க." இருபத்தெட்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். என் நோய் அவளுக்குத் தெரியும்.

இன்று பெருநாள்தான். மறுக்கவில்லை. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் நம் கையிலிருந்த எழுத்து, கரித்துண்டால் கதவில் கிறுக்கிய எழுத்து, காய்ச்சாற்றால் காகிதத்தில் கசிந்த எழுத்து, கப்பலேறிய கணவனுக்குக் கரையிலிருந்து மனைவி எழுதிய எழுத்து, கடன்காரனுக்கு மட்டும் புரியாதபடி நாம் கோணலாக எழுதிய எழுத்து, இன்று கணினிக்குள் ஏறிவிட்டது. அதோ அந்த மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்களே, அந்த இயந்திரத்தில் தட்டினால் நம் வை மொழியின் எழுத்து வருகிறது. அமெரிக்காவில் தட்டினாலும் வருமாம். சீனாவில் தட்டினாலும் வருமாம். சீனாவில் எவன் தட்டப்போகிறான் என்று கேட்காதீர்கள். வரும் என்பதுதான் பெருமை.

மகிழ வேண்டிய நாள். கைதட்ட வேண்டிய நாள். எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. ஏனென்று இந்தச் சபையில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். தலைவர் மாம்பு என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. பத்து நிமிடம் தலைவரே. கறி இன்னும் வேகவில்லை, நான் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, ஓடிப்போனவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பி, கூரையில்லாத வீடுகளில் குடியேறிக் கொண்டிருந்த சமயம். இதே குழு இதே கொட்டகைக்கு வந்தது. நம் எழுத்துகளைக் கணினியில் ஏற்றப் போகிறோம், ஒவ்வொரு எழுத்துக்கும் சாட்சி வேண்டும் என்றார்கள். அதாவது, இந்த எழுத்தை இன்ன பழைய தாளில் இன்ன மனிதர் எழுதியிருக்கிறார் என்று காட்ட வேண்டும். காட்டினால் ஏறும். காட்டாவிட்டால் ஏறாது. அவ்வளவுதான் கணக்கு. ஊர் சார்பில் எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு. பேனா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் அல்ல, ஓடாத பேனாவை உதறி உதறி எழுதவைக்கும் பொறுமை எனக்குத்தான் இருந்தது.

ஒலிக்கு ஒரு எழுத்து என்று நாம் எழுதுவது தெரிந்ததுதானே. அதோடு பழைய காலத்தில் முழுச் சொல்லுக்கே ஒரே குறியாகச் சிலவற்றை எழுதியிருக்கிறார்கள். குழுக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். பசுவுக்கு ஒரு குறி. அதே குறியைத்தான் ஜின் சாராயப் பெட்டிக்கும் எழுதியிருக்கிறார்கள் என்றபோது நம் பெரியவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். இமாம் அவர்கள் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். தீவுக்கு ஒரு குறி, உண்டு. பயணத்துக்கு ஒரு குறி, உண்டு. சாவுக்கு ஒரு குறி, உண்டு என்றோம், சற்று மெதுவாக.

கடைசியாக அவர் கேட்டார்: "ஜோங். அடிமை. இதுக்கு ஒரு குறி இருந்ததாச் சொல்றாங்களே. உங்க ஊர்ல யாராவது எழுதிப் பாத்திருக்கீங்களா?"

பெருமக்களே! அன்று இந்தக் கொட்டகையில் முப்பது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் அப்படி என்ன இருந்தது? பல்லியா? பறவையா? சண்டைக்காலத்து ஓட்டைகள் இரண்டு இருந்தன, அவற்றில் வானம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார், "அப்படி ஒண்ணு இல்லீங்க." பக்கத்திலிருந்தவர், "கேள்விப்பட்டதே இல்லீங்க" என்றார். முப்பது பேரும் அதையே சொன்னார்கள். நான் ஓடாத பேனாவை உதறி, வழக்கில் இல்லை என்று எழுதினேன்.

பொய் சொன்னோமா? நாம் பொய்யர்களா? இல்லை ஐயா, இல்லை. மரியாதை செய்தோம்! ஒருவருடைய பூர்வீகத்தைச் சபையில் சொல்லக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. இன்னார் வீட்டுத் தாத்தா விலைக்கு வந்தவர் என்று வாய்தவறிச் சொன்னாலும், சொன்னவன் ஆடு கொண்டுவந்து கட்டி, தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்று அந்தச் சபையில் மூன்றாவது வரிசையில் அப்படி விலைக்கு வந்தவரின் வழிவந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனம் புண்படக் கூடாது என்று முப்பது பேரும் கூரையைப் பார்த்தோம். நம்முடைய நல்ல குணத்தால், நம்முடைய நயமான நடத்தையால், நாகரிகத்தால், ஒரு சொல்லை உலகத்திலிருந்து ஒழித்துக்கட்டினோம். கையில் கத்தி இல்லை, நெஞ்சில் பகை இல்லை. கழுத்தை அறுத்த வேலை மட்டும் சுத்தமாக முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் சியாத்தா அம்மா என் வீட்டு வாசலில் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் தங்கை. அதோ, மாதரசிகள் வரிசையில் நீலத் தலைத்துணியோடு இருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டீர்கள், சரி.

அவர்கள் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. காரணம் வேறு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் மகன் போய்மாவுக்கு அவர்கள் மகள் ஜென்னேயைக் கேட்டு, வெள்ளைத் துணியில் கோலாக் கொட்டை முடிந்து அனுப்பியிருந்தோம். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாமல் என் வீட்டில் என்ன நடந்திருக்கிறது? எல்லாவற்றையும் நான்தானே சொல்லிவிடுகிறேன். ஆகவே சம்பந்தியம்மாள் காலையிலேயே வந்தால் சீர் பேச வந்திருப்பார்கள் என்று நான் பலகையை இழுத்துப் போட்டேன்.

அவர்கள் உட்காரவில்லை. மடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார்கள். சண்டையில் வீடு எரிந்தபோது அரிசியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். முதல் பக்கத்தைத் திறந்தார்கள். மங்கிய மையில் நம் எழுத்து. இரண்டாவது வரியில், நேற்று முப்பது பேர் கேள்விப்பட்டதே இல்லை என்ற அந்தக் குறி, குண்டாக, திடமாக, கை நடுங்காமல் எழுதிய குறி.

"நான் காய்ஃபா. இன்னாருடைய அடிமை. இதை என் கையால் எழுதுகிறேன்." அதுதான் வாசகம். இன்னார் யார் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். காய்ஃபா என்பவர் சியாத்தா அம்மாவின் தாத்தாவுக்கு அப்பா.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? கூரையைப் பார்த்தேன்.

சியாத்தா அம்மா சொன்னார்கள், "வாத்தியாரே, இந்தப் பக்கத்த அனுப்புங்க. சாட்சி வேணும்னாங்களாமே."

நான் நயமாகச் சொன்னேன். இதை அனுப்பினால் நாலு பேர் பார்ப்பார்கள், பூர்வீகம் வெளியே வரும், இத்தனை காலம் காத்த மரியாதை போய்விடும் என்றேன். எழுத்து ஒன்று ஏறாவிட்டால் குடி முழுகிவிடாது என்றேன். அவர்கள் கேட்டார்கள், அந்த எழுத்து ஏறாமல் இந்தப் பக்கத்தை இயந்திரத்தில் அடித்தால் அந்த இடத்தில் என்ன வரும் என்று. வெறும் கட்டம் வரும் என்றேன். காலிக் கட்டம்.

"அவரு இந்த ஒரு பக்கந்தான் எழுதிவச்சிருக்காரு," என்றார்கள். "தான் யாருன்னு ஒரே ஒரு வார்த்த. அங்க கட்டம் வந்தா, அப்ப அவரு யாரு? அவரு வெக்கப்படாம எழுதியிருக்காரு. நீங்கெல்லாம் ஏன் கூரையப் பாத்தீங்க?"

இப்படி மாட்டிக்கொண்டால் நான் நகைச்சுவை சொல்லுவேன், அன்று அது வரவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அம்மா, பொண்ணு கல்யாணத்த நெனச்சுப் பாருங்க. இது வெளிய வந்தா என்னாகும்?"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானே மாப்பிள்ள வீடு. நீங்க சொல்லுங்க. என்னாகும்?"

பெருமக்களே, இந்த வாய் எத்தனை மேடை ஏறியிருக்கிறது! எத்தனை திருமணத்தில் கலகலத்திருக்கிறது, எத்தனை சாவு வீட்டில் கண்ணீரைத் துடைத்திருக்கிறது! அன்று என் வாசலில், ஒரு பெண்பிள்ளையின் தாய் கேட்ட ஒரு கேள்விக்கு இந்த வாய் திறக்கவில்லை. ஒன்றும் ஆகாது அம்மா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன், அனுப்புகிறேன் என்றேன்.

அனுப்பினேனா? அனுப்பினேன். எப்படி அனுப்பினேன் என்பதில்தான் இருக்கிறது என் பெருமை.

சின்ஜே சந்தையில் அப்போது ஒரே ஒரு நகல் இயந்திரம். மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஜெனரேட்டர் இரைகிறது, கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து நோட்டைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நான் காய்ஃபா. வாமுயாவின் அடிமை.

வாமுயா!

இதோ உங்கள் அழைப்பிதழில் என் பெயரை எப்படி அச்சடித்திருக்கிறீர்கள்? ஸ்வானா வாமுயா. என் அப்பாவின் தாத்தா. அவர் பெயரைத்தான் பின்னால் கட்டிக்கொண்டு நான் ஊர் ஊராகப் போய் மாலை வாங்குகிறேன். வாசலில் முதல்முறை வாசித்தபோதே கண்ணில் பட்டதுதான். சியாத்தா அம்மா முன்னால் அதைப் படாததுபோல் தாண்டிப் போனேன். கண்ணாடி மேல் வைத்தபோது தாண்ட முடியவில்லை. இந்தத் தாள் அமெரிக்கா போகும். சீனா போகும். அங்கே உட்கார்ந்து நாலு பேர் வாமுயா, வாமுயா என்று படிப்பார்கள்.

கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். என் கட்டை விரல் தானாக நகர்ந்துபோய் வாமுயாவின் மேல் உட்கார்ந்தது. தானாக என்கிறேன் பாருங்கள், இன்றைக்கும் எவ்வளவு சாமர்த்தியம்! நான்தான் வைத்தேன்.

தாள் வெளியே வந்தது. காய்ஃபா தெளிவாக இருந்தார். அடிமை என்ற குறி பளிச்சென்று இருந்தது. அதற்கு முன்னால், எஜமான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு கட்டை விரல். கடைக்காரர் இன்னொன்று எடுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், குறி தெரிகிறதே, அது போதும் என்றேன். அதையே குழுவுக்கு அனுப்பினேன்.

எங்கெங்கிருந்தோ போன பல தாள்களோடு அதுவும் போனது. நம் தாளால்தான் அந்தக் குறி ஏறியதா, வேறு ஊர்த் தாளால் ஏறியதா, அது குழுவின் பெரியவர்களுக்குத்தான் தெரியும். ஏறியது. அது மட்டும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஏழெட்டு மாதத்தில், குழுக்காரர்கள் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார்கள். நாம் அனுப்பிய நகல்களுக்கெல்லாம் இன்னொரு படி எடுத்து, ஒரு கட்டாகக் கட்டி, ஊர் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இதே கொட்டகையில் கயிறு கட்டித் துணி காயப்போடுவதுபோல் மாட்டினோம்.

சியாத்தா அம்மா வந்தார்கள். கைகளைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தார்கள். தங்கள் பக்கத்தின் முன்னால் நின்றார்கள். என்னுடைய இந்த வலது கட்டை விரலைப் பாருங்கள். படகு எஞ்சினில் மாட்டி நகம் நடுவில் பிளந்தது, பதினைந்து வருடமாகப் பிளந்தே வளர்கிறது. இந்த ஊரில் இப்படி ஒரு நகம் எனக்குத்தான் உண்டு. நகல் இயந்திரம் அந்தப் பிளவைக்கூட விடாமல் எடுத்திருந்தது. அவ்வளவு நல்ல இயந்திரம்.

அவர்கள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளைத் துணி முடிச்சு என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நாங்கள் கட்டிய முடிச்சு அப்படியே. உள்ளே கோலாக் கொட்டைகள் சுருங்கிப் போயிருந்தன. கொண்டுவந்தது அவர்களேதான். ஊரில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது, பூர்வீகம் தெரிந்ததும் வாத்தியார் வீட்டில் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள் என்று. சிலர் என்னைத் திட்டினார்கள். சிலர், காதோடு காதாக, சரியாகத்தான் செய்தீர்கள் என்று தட்டிக்கொடுத்தார்கள். இரண்டுமே பொய் ஐயா. முறித்தது நான் இல்லை. அந்தப் பெருமைகூட எனக்கு இல்லை.

அவர்கள் என் வாசலில் நின்று சொன்னது இதுதான்: "எங்க கொள்ளுத் தாத்தா அடிமைன்னு உலகத்துக்கே காட்டலாம். யாருக்கு அடிமைன்னு மட்டும் காட்டக் கூடாதா, வாத்தியாரே? அப்ப அவரு தானாவா அடிமையானாரு?"

என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து, பிள்ளைகள் பாவம், பெரியவர்கள் தவற்றைப் பிள்ளைகள் தலையில் போடாதீர்கள் என்று கெஞ்சினாள். சியாத்தா அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னார்கள். "உங்க பையன் நல்லவன். ஆனா பொறக்கப்போற என் பேத்திக்கு ஒரு நாள் இந்தப் பக்கத்தக் காட்டணுமே. இந்த விரல் யாரோடதும்மான்னு கேப்பா. உன் தாத்தாவோடதுன்னா சொல்லுவேன்?"

அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

ஜென்னே ஒரு வருடம் இருந்து பார்த்தாள். எதற்காக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் போய் ஒரு வார்த்தை பேசுவேன் என்று. நான் ஏரியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகச் சந்தைக்குப் போகப் பழகிக்கொண்டேன். பிறகு எல்லைப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நல்ல மனிதர் என்கிறார்கள். ஒரு பெண் குழந்தை. என் மகன் போய்மா என்னோடுதான் இருக்கிறான். ஒரே தட்டில் சோறு உண்கிறோம். உப்பு வேண்டுமா என்று கேட்பான். இரண்டு வருடமாக அவன் என்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

சிரிக்கவைக்கக் கூப்பிட்டால் இவன் என்ன இழவு வீடாக்குகிறான் என்று பார்க்கிறீர்கள். இதோ முடித்துவிடுகிறேன்.

நான் உங்களைக் கேட்கிறேன். கணினியில் ஏறிவிட்டது, கணினியில் ஏறிவிட்டது என்று கைதட்டுகிறோமே, எது ஏறியது? அடிமை என்ற குறி ஏறியது. அடிமை யாரோடு ஏறினான்? தன்னந்தனியாக ஏறினான்! வாங்கியவன் ஏறவில்லை. விற்றவன் ஏறவில்லை. விலங்கு பூட்டியவன் ஏறவில்லை. விளைச்சலைத் தின்றவன் ஏறவில்லை. நம்மிடம் எஜமானுக்கென்று ஒரு குறியைக் குழுவும் கேட்கவில்லை, நாமும் நினைக்கவில்லை. ஏன் தெரியுமா? எஜமான் தன்னைத்தானே அப்படி எழுதிக்கொண்டதில்லை. வீட்டுக்காரர் என்று எழுதிக்கொண்டான், பெரியவர் என்று எழுதிக்கொண்டான், ஸ்வானா வாமுயா என்று அழைப்பிதழில் அச்சடித்துக்கொண்டான்!

அடிமையின் பூர்வீகத்தைச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். நல்ல கட்டுப்பாடு. அது யாரைக் காத்தது? என்றைக்காவது யோசித்தோமா? அவமானம் அவருக்கு என்று நாம் முடிவு செய்தோம். அவர் மானத்தைக் காப்பதுபோல நம் மானத்தைக் காத்துக்கொண்டோம். அவமானம் என்னுடையது ஐயா! என் வீட்டுடையது! என் பெயரின் பின்பாதியில் உட்கார்ந்திருக்கிறது!

தலைவரே, மணியடிக்க வேண்டாம். கட்டுப்பாடு எனக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஆடு கட்டியிருக்கிறது, கத்துவது கேட்கிறதா? அது சமையலுக்கு வந்தது இல்லை. என் ஆடு. அபராதத்தை முன்பணமாகவே கொண்டுவந்துவிட்டேன்.

இன்று காலை சியாத்தா அம்மாவின் புகையடுப்புக்குப் போய், அந்தப் பக்கத்தைச் சபையில் படிக்கட்டுமா என்று கேட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஒங்க இஷ்டம்" என்றார்கள். நோட்டையும் கொடுத்தார்கள். இதோ இருக்கிறது. இதோ, பாருங்கள், இரண்டு கையாலும் ஓரத்தைத்தான் பிடித்திருக்கிறேன். விரல் எங்கேயும் இல்லை. படிக்கிறேன்.

நான் காய்ஃபா. வாமுயாவின் அடிமை. இதை என் கையால் எழுதுகிறேன்.

வாமுயா என் பாட்டனுக்கு அப்பன். நாங்கள் மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்த வீட்டுக்காரர்கள். இதைச் சபையில் சொன்னவன் ஸ்வானா. குழுவின் அன்பர்களே, அந்தப் பழைய நகலை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்தை மறைவில்லாமல் மறுபடி எடுத்துக்கொண்டு போங்கள். என் வாழ்த்துரை அவ்வளவுதான். அவையோருக்கு...

என்ன? யாரோ பேசுகிறார்கள், கொஞ்சம் அமைதியாக இருங்கள். சியாத்தா அம்மா எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கள் அம்மா, ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை.

"அடுத்த வரி இருக்கு, வாத்தியாரே" என்கிறார்கள். "ஒங்க வீட்டுப் பேரு வந்த வரியோட நிறுத்திட்டீங்களே. அதையும் படிங்க."

இருக்கிறது. ஆமாம். இருக்கிறது. மூன்று வருடமாக இந்தப் பக்கத்தை நினைத்துத் தூங்காதவன் நான், என் பெயர் வந்த வரிக்குக் கீழே ஒருநாளும் நான் படித்ததில்லை. மை மங்கியிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன், பொறுங்கள்.

"என் தாயின் பெயர் ஃபின்டா. அவள் என்னை விற்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்."

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. ஃபின்டா அம்மாளுக்கு என் வணக்கம்.